கவாசாகிக் கரையின் கழிவு வாணிகம்

டோக்கியோ மாநகருக்கும் யோகொஹாமா துறைமுகத்திற்கும் இடையே, தாமா நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியமைந்த கவாசாகி நகரத்தின் தொழிற்சாலைப் பகுதிக்குள் சுருமி ரயில் பாதை வழியாகப் பிரயாணம் செய்கிறவர், நிலையங்களின் பெயர்ப்பலகைகளைச் சற்றுக் கவனிப்பாரானால், அவற்றுட் பல முதலாளிகளின் பெயர்களாக இருப்பதைக் கண்டு வியப்படைவார். ஆசானோ என்ற நிலையம் சிமெண்டு அதிபர் ஆசானோ சோய்ச்சிரோவின் பெயரைத் தாங்கியது. அன்சென் என்பது வங்கி அதிபர் யாசுதா சென்ஜிரோவின் பெயரைச் சுருக்கி இட்டது. ஓகாவா, காகித ஆலைகளுக்கு அதிபதியாயிருந்த ஓகாவா ஹெய்சபுரோவை நினைவூட்டுவது. முசாஷி-ஷிராயிஷி, ஆசானோவின் மருமகனும் நிப்பான் கோக்கான் என்ற உருக்கு ஸ்தாபனத்தை நிறுவியவருமான ஷிராயிஷி மோட்டோஜிரோவைக் குறிப்பது. கடைசிக்கு முந்திய ஷோவா நிலையம் ஓர் இரசாயனக் கம்பெனியின் பெயரைப் பெற்றிருக்க, பாதை முடிகிற ஓகிமாச்சியோ ஆசானோ குடும்பத்தின் விசிறிச் சின்னத்தால் பெயரடைந்தது. இன்று அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களுள் ஆலைத் தொழிலாளிகளைக் கழித்துவிட்டால், எஞ்சியவர்களுட் பலர் அங்கே கூட்டமாக வசிக்கும் பூனைகளைப் படம் பிடிக்க வந்தவர்கள் என்று சொல்வார்கள்.

பூனைகளை விட்டு நம் விஷயத்திற்கு வருவோம். ஜனங்கள் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்களையும், பண்டங்களைச் சுற்றி வந்த உறைகளையும் இரசாயன முறையால் மீண்டும் மூலப்பொருளாக மாற்றுகிற இரண்டு ஆலைகள் இந்த ஓகிமாச்சியிலே இருக்கின்றன. ஒன்று பாட்டிலைப் பாட்டிலாகவே திருப்பித் தருவது, மற்றொன்று பிளாஸ்டிக்கை வாயுவாக்கி அதிலிருந்து அம்மோனியா எடுப்பது. பிளாஸ்டிக் கழிவைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கின்றி இரசாயன முறையில் மீட்பது பற்றி இக்காலத்தில் உலகெங்கும் பேசப்படும் பேச்சுக்களையெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்து, லாபமும் நஷ்டமும் கண்டு, ஒரு முறை விழுந்து மறுபடியும் எழுந்த ஊர் இது ஆதலால், இதன் பூர்வ சரித்திரத்தைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

இந்த நிலம் முழுவதும் முன்பு கடலாக இருந்தது. அதைத் தூர்த்து நிலமாக்கிய ஆசானோ சோய்ச்சிரோ 1848-இல் ஜப்பான் கடலோரத்துக் கிராமம் ஒன்றில் வைத்தியர் குடும்பத்திலே பிறந்து, ஊரில் செய்த வியாபாரங்களிலெல்லாம் தோற்றுக் கடன்பட்டு, 1871-இல் டோக்கியோவுக்கு ஓடிவந்தவர். தெருவிலே நின்று குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீர் விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய அவர், பின்பு யோகொஹாமாவில் மூங்கிற் பாளை வியாபாரத்தில் இறங்கினார். உணவுப் பண்டங்களைப் பொதிந்து கொடுக்க அக்காலத்து ஜப்பானியர் உபயோகித்தது மூங்கிற் பாளையே. ஆகவே, பின்னாளில் பொதியுறைக் கழிவின் தலைநகரமாகப் போகும் கரையை உண்டாக்கியவர், தம் வாழ்க்கையைப் பொதியுறை வியாபாரியாகவே ஆரம்பித்தார் என்பது சரித்திரத்தின் ஒரு விநோதம்.

அதன்பின் அவர் கண் யோகொஹாமா எரிவாயு ஆலையின் கழிவுகளில் விழுந்தது. தெருவிளக்குகளுக்காக நிலக்கரியைக் காய்ச்சி வாயு எடுத்த அந்த ஆலையில், வாயு போன பின் எஞ்சிய கல்கரியும், குழாய்களில் வடிந்து சேர்ந்த கருநிறத் தாரும் கொள்வாரின்றிக் குவிந்து கிடந்தன. கல்கரியை எரிபொருளாக்கலாம் என்று கண்டு, அதைச் சொற்ப விலைக்கு வாங்கி ஃபுக்காகாவாவிலிருந்த அரசாங்கச் சிமெண்டு ஆலைக்கு விற்றார் ஆசானோ. ஒருவரும் தீண்டாத தாரையோ, அதற்கும் ஒரு காலம் வரும் என்ற நம்பிக்கையுடன் வாங்கிச் சேர்த்து வைத்தார். அந்தக் காலமும் காலரா வடிவத்தில் வந்தது. நோய்க்கிருமிகளை ஒழிக்கும் கார்பாலிக் அமிலத்தைத் தாரிலிருந்து வடித்தெடுக்க வேண்டிய அவசியம் அரசாங்கத்திற்கு ஏற்பட்டபோது, தேசத்தில் தார் இருந்தது அவரிடம்தான். கழிவைச் சரக்காக்கிய அந்த லாபமும், சிமெண்டு ஆலையோடு ஏற்பட்ட பழக்கமும், ஷிபுசாவா எய்இச்சி என்ற பெரிய தொழிலதிபரின் ஆதரவும் ஒன்றுசேர, 1884-இல் அந்த அரசாங்க ஆலையே அவர் கைக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தாரிலிருந்து கார்பாலிக் அமிலம் எடுக்கும் வித்தை ஐரோப்பிய இரசாயன சாஸ்திரிகளுக்கு முன்பே தெரிந்ததுதான். யோகொஹாமாவின் தார் பொருளானது வித்தையால் மட்டும் அன்று, அதை வாங்குகிறவன் வந்ததனால், அதைச் சேர்த்து வைத்தவன் இருந்ததனால். கவாசாகியின் பிற்காலச் சரித்திரம் முழுவதையும் இதே விஷயம்தான் நடத்திச் செல்கிறது.

மேல்நாடுகளின் துறைமுகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஆசானோ, பெரிய கப்பல்கள் ஆலை வாசலிலேயே வந்து நிற்கத்தக்க கரை ஒன்றை அமைக்க வேண்டுமென்று உறுதிகொண்டு, யாசுதாவின் பொருளுதவியுடன் 1913-இல் கடலைத் தூர்க்கத் தொடங்கினார். பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 500 ஹெக்டேர் நிலம் எழும்பிற்று. அந்தக் கரையில் உருக்கும், சிமெண்டும், எண்ணெயும், மின்சாரமும் வரிசையாக வந்து குடியேறின. 1931-இல் அங்கே ஷோவா உரக் கம்பெனி, நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கி, அம்மோனியம் சல்பேட் உரம் செய்தது. அந்நிய தேசத்து உரிமையை விலைக்கு வாங்காமல் ஜப்பானியரே கண்ட முறையால் செய்த முதல் உரம் அது. இந்த ஸ்தாபனமே 1939-இல் ஷோவா டென்கோ ஆகி, யுத்தத்தில் குண்டுபட்டு, யுத்தத்திற்குப் பின் சோற்றுக்கு வழி தேடிய தேசத்திற்கு உரம் செய்து கொடுத்து, அதற்காகப் பெற்ற கடனில் லஞ்சம் புகுந்ததென்ற வழக்கினால் 1948-இல் ஒரு மந்திரிசபையையே கவிழ்த்தது. அம்மோனியா ஆலைக்கு ஹைட்ரஜன் வேண்டும். ஹைட்ரஜன் எதிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதோ அதன் பின்னே ஆலை போகும். மின்சாரத்தில் தொடங்கிய அத்தொழில் பின்னர் பெட்ரோலியப் பொருள்களுக்கும் வாயுவுக்கும் மாறியது போலவே, கடைசியில் குப்பைக்கும் மாறிற்று என்று சுருங்கச் சொல்லலாம்.

1959-இல் கவாசாகியில் எதிலீன் உற்பத்தி ஆரம்பமாகி, பிளாஸ்டிக்கின் காலமும் பிறந்தது. புகையின் காலமும் அதுவே. வெளியே காயப்போட்ட துணிகள் கறுத்துப் போவது அவ்வூர் மக்களுக்கு வழக்கமாகிவிட்டதோடு, மூச்சிரைப்பு நோயாளிகளின் தொகையும் ஆண்டுதோறும் பெருகியது. 1982-இல் நோயாளிகளும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் ஆலைகள்மேலும் நெடுஞ்சாலைகளை நடத்தும் அரசின்மேலும் தொடுத்த வழக்கு, பதினான்கு ஆண்டுகள் நடந்து, 1996 டிசம்பரில் கம்பெனிகளுடன் சமாதானமாக முடிந்தது. அரசுடன் சமாதானம் ஏற்பட மேலும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் சென்றன. ஷோவா டென்கோவின் வரலாற்றிலோ இதைவிடக் கொடிய அத்தியாயம் வேறிடத்தில் உண்டு: 1965-இல் நீகாதாவில் வெளிப்பட்ட பாதரச நோய் அதன் கனோசே ஆலையின் கழிவுநீரால் வந்ததே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் நன்மை என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்யும்போது, அதன் பழைய கணக்கையும் உடன் வைத்துப் படிப்பதே நியாயம்.

புகை சற்றே அடங்கியபோது குப்பை மேலெழுந்தது. செல்வம் பெருக்கெடுத்த எண்பதுகளின் முடிவில், எரிப்பதற்கு உலை போதாமல், 1990-இல் கவாசாகி நகரசபை குப்பை நெருக்கடிப் பிரகடனமே செய்ய நேர்ந்தது. நீண்டு ஒடுங்கிய இந்நகரின் வடகோடியில் சேரும் குப்பையைத் தென்கோடிக் கடற்கரைக்கு லாரிகளில் கொண்டுவருவது தெருக்களை அடைத்துவிட்டதால், 1995-இல் சரக்கு ரயிலில் குப்பைப் பெட்டிகளை ஏற்றி அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. பிரயாணிகள் வண்டி போகும் பாதையிலே, அதே தண்டவாளத்தில், நகரத்தின் எச்சில் கடலை நோக்கிப் பிரயாணம் செய்யும் காட்சி அப்போது தேசத்திற்கே புதுமை.

இந்த இடத்தில் பாட்டிலின் கதையைச் சொல்லியாக வேண்டும். பெட் என்று சுருக்கி அழைக்கப்படும் பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இருவர் கண்டபோது, அது துணி நெய்யும் நூலுக்காகவே கண்டது. அதைப் பாட்டிலாக ஊதும் முறைக்கு அமெரிக்காவின் நத்தானியேல் வையத் 1973-இல் காப்புரிமை பெற்றார். ஜப்பானில் அது 1977-இல் சோயாச் சாற்றுப் பாட்டிலாகவும், 1982-க்குப் பின் குளிர்பானப் பாட்டிலாகவும் நுழைந்தது. ஆயினும் ஒரு லிட்டருக்குக் குறைந்த சிறிய பாட்டில்களைச் செய்தால் அவை தெருவெல்லாம் குப்பையாகும் என்று அஞ்சிப் பான உற்பத்தியாளர்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டிருந்தார்கள். 1996-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அரை லிட்டர் பாட்டில் தேசத்தை மூடிற்று. தடையை எடுத்த காரணத்தை நோக்கினால் நம் விஷயம் விளங்கும்: கொள்கலன்களையும் பொதியுறைகளையும் மறுசுழற்சி செய்யவேண்டுமென்ற சட்டம் 1995-இல் நிறைவேறி, பெட் பாட்டிலுக்கு 1997-இலும், மற்றப் பிளாஸ்டிக் உறைகளுக்கு 2000-இலும் அமலுக்கு வரவிருந்தது, மீட்க வழி ஏற்பட்டுவிட்டது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணம் உற்பத்தியாளருக்கு உண்டாகிவிட்டது. மறுசுழற்சி என்ற மருந்து நோயின் பெருக்கத்திற்கும் இடம் கொடுத்ததென்பதை அதன் பக்தர்கள் அதிகமாகச் சொல்லமாட்டார்கள்.

1997-இல் மத்திய அரசாங்கம் சூழல் நகரங்கள் என்ற திட்டத்தை வகுத்து, முதலில் தேர்ந்தெடுத்த சில ஊர்களுள் கவாசாகியையும் சேர்த்தது. பழைய ஆலைகள் ஓய்ந்து காலி மனைகள் பெருகிவந்த ஆசானோவின் கரைக்கு இது அதிர்ஷ்டமாக வாய்த்தது. அதற்குச் சற்று முன்பே, 1996 அக்டோபரில், நிப்பான் கோக்கான் தன் ஊதுலையில் கல்கரிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துகள்களை அடியிலிருந்து செலுத்தத் தொடங்கியிருந்தது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கல்கரியிலுள்ள கார்பன் செய்வதுபோல, பிளாஸ்டிக்கிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்து செய்யும், பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் கலந்தால் மட்டும் குளோரின் வெளிப்பட்டு இயந்திரங்களை அரித்துவிடுமாதலால் அதைப் பிரித்தாக வேண்டும். மூச்சிரைப்பு நோயாளிகளின் வழக்கில் பிரதிவாதியாய் நின்ற கம்பெனி, சமாதானம் எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பு குப்பையைத் தின்னத் தொடங்கியது என்பதைக் காலவரிசையாகச் சொன்னாலே போதும். மனமாற்றமா, கணக்கா என்று ஆராய்வது வீண். இந்த முறை நிலக்கரியின் தேவையைக் குறைத்ததேயன்றி, பிளாஸ்டிக்கை மீட்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

உண்மையில் மீட்பது எப்படி என்று ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் என்பது சிறு மூலக்கூறுகள் பூக்களைப் போல ஒன்றோடொன்று கோத்த மாலை. பெட் மாலையின் நாரை அறுக்க நீர், மெத்தனால், எதிலீன் கிளைக்கால் ஆகிய எதனாலும் இயலும் என்பது அந்தப் பிளாஸ்டிக்கைச் செய்த இரசாயனிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்த உண்மை. பாட்டில் பிறப்பதற்கு முன்பே, ஆலைகளில் வீணாகும் நூலை மீட்க இந்த முறைகளைக் காப்புரிமை செய்து வைத்திருந்தார்கள். ஆகவே 2004-இல் ஓகிமாச்சியில் பெட் ரீபர்த் என்ற கம்பெனி ஆண்டுக்கு 27,500 டன் பாட்டில்களை உட்கொள்ளும் ஆலையைத் திறந்தபோது, புதுமை என்பது உடைப்பதில் இல்லை, உடைத்ததைச் சுத்தம் செய்வதில் இருந்தது.

அந்த ஆலைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கட்டுக் கட்டாக வந்த பாட்டில்களைப் பிரித்து, பொறுக்கி, நறுக்கி, கழுவிச் செதில்களாக்குவார்கள். செதில்களை எதிலீன் கிளைக்காலோடும் ஒரு வினையூக்கியோடும் சேர்த்துச் சுமார் 200 பாகை வெப்பத்தில் காய்ச்சினால், கெட்டியான பிளாஸ்டிக் கரைந்து, பி.எச்.இ.டி. என்ற சிறிய மூலக்கூறாகப் பிரிந்து திரவமாகிறது. இந்த பி.எச்.இ.டி. புதிதாகப் பெட் செய்யும்போது இடையில் உண்டாகும் பொருள்தான். எனவே ஆலை, பாட்டிலை அதன் ஆதி மூலங்கள் வரை துரத்திக்கொண்டு போகாமல், வந்த வழியில் ஒரே ஒரு படி பின்னுக்குப் போய் நின்றுவிடுகிறது. அதனால் செலவும் உஷ்ணமும் மிச்சம். பின்பு அந்தத் திரவத்தைக் கரியின் வழியாகச் செலுத்தினால் சாயம் நீங்கும். அயனிமாற்றப் பிசினின் வழியாகச் செலுத்தினால் பழைய வினையூக்கியின் உலோக அணுக்கள் நீங்கும். படிகமாக்கி, காற்றே இல்லாதது போன்ற வெற்றிடத்தில் வடித்தால் மிச்சமிருக்கும் அழுக்கும் நீங்கும். கடைசியில் கிடைக்கும் வெண்மையான பொருளை மீண்டும் மாலையாகக் கோத்தால், பெட்ரோலியத்திலிருந்து செய்த பெட்டுக்கும் அதற்கும் வேற்றுமை காண முடியாது. திரும்பத் திரும்ப உருக்கி வார்க்கும் சாதாரண முறையில் பிளாஸ்டிக்கின் இழை நீளம் குறைந்து நிறமும் மங்கிக்கொண்டே போகும் குறை இதில் இல்லை.

இவ்வளவு நேர்த்தியான ஆலை ஓராண்டு கடந்ததும் தள்ளாடத் தொடங்கிச் சீக்கிரமே கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் நிழலை நாடியது. காரணம் இரசாயனமன்று, பாட்டில் கிடைக்கவில்லை. சட்டத்தின் ஏற்பாடு என்னவென்றால், நகரசபைகள் பாட்டில்களைச் சேகரித்து வைக்க, மறுசுழற்சி செய்யும் கம்பெனிகள் டெண்டர் போட்டு அவற்றைப் பெறும். அவ்வேலைக்கான கூலியைப் பானம் செய்யும் கம்பெனிகள் செலுத்தும் கட்டணத்திலிருந்து கொடுப்பார்கள். அதாவது குப்பையை எடுத்துக்கொள்வதற்கே பணம் வரும் என்ற நம்பிக்கையின்மேல் ஆலையின் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் சீன தேசத்தின் நூல் ஆலைகள், உடைகளுக்கும் பொம்மைகளின் உள்ளே அடைக்கும் பஞ்சுக்கும் பாலியெஸ்டர் வேண்டி, பழைய பாட்டிலை நல்ல விலை கொடுத்து வாங்கத் தொடங்கின. நகரசபைகளும் சட்டத்தின் வழியை விட்டு, ரொக்கம் கொடுப்பவரிடம் விற்றன. 2006-ஆம் ஆண்டு டெண்டரில் நிலைமை தலைகீழாகி, கூலி வாங்கிக்கொண்டு பாட்டிலை எடுத்த கம்பெனிகளே பாட்டிலுக்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. 2003-இல் தொக்குயாமாவில் தெய்ஜின் கம்பெனி மெத்தனால் முறையில் கட்டிய, ஓகிமாச்சியைவிட இரு மடங்கு பெரிய ஆலைக்கும் இதே கதிதான். அது பாட்டில்களைப் பாட்டிலாக்கும் வேலையைச் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டது.

அதைக் காட்டிலும் வருந்தத்தக்க விஷயம் வேறொன்று. மூடியைக் கழற்றி, லேபிளை அதன் துளைக்கோட்டில் கிழித்து, உள்ளே நீர்விட்டு அலசி, நசுக்கி, குறித்த நாளில் குறித்த கூடையில் சேர்த்த ஜப்பானியக் குடும்பங்களின் பிரயாசையே அந்தப் பாட்டில்களுக்கு விலையை உண்டாக்கிற்று. நிறம் கலந்த பாட்டில்களை 2001-இல் உற்பத்தியாளர்கள் தாங்களே விலக்கியதும் சேர்ந்து, உலகத்திலேயே தூய்மையான பாட்டில் கழிவு ஜப்பானில் கிடைத்தது. தூய்மை மிகுந்ததனாலேயே அது கப்பலேறிற்று. உள்ளூர் ஆலைகளோ பட்டினி கிடந்தன.

ஓகிமாச்சி ஆலையை 2008-இல் டோயோ செய்கான் என்ற பெரிய கொள்கலன் கம்பெனி ஏற்றுப் புதுப் பெயரிட்டு நடத்தியும், பெட்ரோலிய விலை விழும்போதெல்லாம் அது தடுமாறி நின்றது. 2018-இல் அதை வாங்கியது இவாமோட்டோ மிச்சிஹிக்கோ என்ற தொழில் முனைவரின் கம்பெனி. பழைய துணிகளிலிருந்து எடுத்த எரிபொருளால், அமெரிக்கத் திரைப்படம் ஒன்றினால் புகழ்பெற்ற டெலோரியன் காரை 2015-இல் டோக்கியோவில் ஓட்டிக் காட்டி ஜனங்களின் கவனத்தைக் கவர்ந்தவர் இவர். வேடிக்கை காட்டினாலன்றிக் குப்பையை யாரும் திரும்பிப் பாரார் என்பதை அறிந்தவர் போலும். அதே ஆண்டு, அதாவது 2018-இன் தொடக்கத்தில், சீனா அந்நிய தேசத்துப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை அடைத்தது. கப்பலேறிக்கொண்டிருந்த பாட்டில்கள் கரையிலேயே தங்கின. ஜப்பானியக் குளிர்பானக் கம்பெனிகளின் சங்கம், 2030-க்குள் பாட்டில்களில் பாதி பழைய பாட்டிலிலிருந்தே செய்யப்படும் என்று 2021-இல் இலக்கு வைத்தது. அவ்வாண்டிலேயே ஓகிமாச்சி ஆலையும் மறுபடி ஓடத் தொடங்கிற்று. முதலில் விழுந்தபோதும், பின்பு எழுந்தபோதும், உள்ளே கொதித்த இரசாயனம் அடிப்படையில் ஒன்றே.

அடுத்திருக்கும் ஷோவா டென்கோவின் ஆலை வேறு ஜாதி. 2003-இல் தொடங்கிய அது, பாட்டிலல்லாத மற்ற உறைகளையெல்லாம், பி.வி.சி. கலந்திருந்தாலும் பொருட்படுத்தாமல், நாளொன்றுக்கு 195 டன் வரை விழுங்கவல்லது. உறைகளை அமுக்கிக் கட்டிகளாக்கி, முதலில் சுடுமணல் கொந்தளிக்கும் உலையில், எரிவதற்குப் போதாத அளவு ஆக்சிஜனும் நீராவியும் மட்டும் கொடுத்து, 600 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உடைக்கிறார்கள். அங்கே அலுமினியம் முதலிய உலோகங்கள் தனியே பிரியும். கிளம்பும் வாயுவை 1,400 பாகை அளவுள்ள இரண்டாவது உலையில் செலுத்தினால் எல்லாம் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாகச் சிதைந்துபோகும். சிதைந்த வாயுவை நீரால் சட்டென்று குளிர்விப்பது, டயாக்சின் என்ற நஞ்சு மீண்டும் கூடுவதற்கு நேரம் கொடாமல் இருப்பதற்காக. பி.வி.சி.யின் குளோரினைக் காரம் பிடித்து உப்பாக்கிக்கொள்ளும்; உலையின் கசடு கட்டட வேலைக்குப் போகும். கார்பன் மோனாக்சைடை நீராவியோடு சேர்த்து மேலும் ஹைட்ரஜன் எடுத்து, அந்த ஹைட்ரஜனை 1931 முதல் அங்கே நடந்துவரும் அம்மோனியா வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். உபரியாகப் பிரியும் கரியமில வாயு, உலர்பனிக்கட்டியாகவும், சோடா பானங்களின் நுரையாகவும் விலைபோகிறது. அம்மோனியாவுக்கோ மற்ற உபயோகங்களோடு அனல்மின் நிலையங்களின் புகைபோக்கியில் நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் வேலையும் உண்டு. புகையினால் கெட்ட பேர் எடுத்த ஊர், புகையைச் சுத்தம் செய்யும் சரக்கைக் குப்பையிலிருந்து செய்து விற்கிறது.

2018-இல் டோக்கியோ விமான நிலையத்திற்கு எதிர்க்கரையில் திறந்த ஒரு ஹோட்டலுக்கு, இந்த ஆலையிலிருந்து குழாய் மூலம் ஹைட்ரஜன் அனுப்பி, அதனால் எடுத்த மின்சாரமும் வெப்பமும் ஹோட்டலின் தேவையில் ஏறக்குறைய முப்பது சதவீதத்தை ஈடு செய்யுமாறு ஏற்பாடு செய்தார்கள். அவ்விடுதியில் தங்கினவர்கள் உபயோகித்து விட்டுப்போகும் பல்துலக்கும் பிரஷ்களும் சீப்புகளும் ஆலைக்கே திரும்பின. பார்வைக்கு அழகான ஏற்பாடு, அளவிலே சிறிது. பெரிய அளவு அம்மோனியாவில்தான். 2022-இன் தொடக்கத்தில், அதுவரை உட்கொண்ட பிளாஸ்டிக் பத்து லட்சம் டன்னை எட்டிவிட்டதென்று கம்பெனி அறிவித்தது. உலகத்தில் பிளாஸ்டிக்கை எண்ணெயாக்குகிறோம், வாயுவாக்குகிறோம் என்று கிளம்பி நடுவில் ஓய்ந்த ஆலைகள் பல. ஜப்பானிலேயே சப்போரோவில் 2000-இல் எண்ணெய் வடிக்கத் தொடங்கிய ஆலை சுமார் பத்தாண்டோடு மூடிவிட்டது. இது மட்டும் நிலைத்ததற்குக் காரணம், வெளிவந்த பொருளை வாங்குகிறவனைத் தேடி அலைய வேண்டியிராமல், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஹைட்ரஜனுக்குப் பசித்திருந்த அம்மோனியா ஆலை அதன் வாசலிலேயே இருந்ததுதான்.

இவ்விரண்டில் எது சுற்றுச்சூழலுக்கு அதிக நன்மை என்ற கேள்வி எழுவது இயல்பு. வாயு ஆலையில் பிளாஸ்டிக்கின் கார்பன் பெரும்பாலும் கரியமில வாயுவாகி, சோடாவின் நுரையோடு முடிவில் ஆகாயத்தைத்தான் அடைகிறது. தங்குவது ஹைட்ரஜன் மட்டுமே. ஆனால் அதே அம்மோனியாவை இயற்கை எரிவாயுவிலிருந்து செய்திருந்தாலும் அவ்வளவு கார்பன் வெளிவந்திருக்குமாதலால், பூமியிலிருந்து எடுக்கும் பொருள் மிச்சமாகிறது என்ற வாதமும் நியாயமானதே. பாட்டில் ஆலையோ கார்பனைக் கைவிடுவதில்லை, குறைந்த வெப்பத்தில் வேலை செய்கிறது. ஆயினும் படிகமாக்கவும் வடிக்கவும் அதற்குச் சக்தி செலவாகிறது, தவிர, சுத்தமான பாட்டில் இல்லாமல் அது ஓடாது. அவ்வளவு சுத்தமான பாட்டிலை, இரசாயனமே இல்லாமல், கழுவி உருக்கி வார்த்து மலிவாகப் பாட்டிலாக்கும் போட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகையால் பாட்டில் ஆலையின் உண்மையான தொழில், மற்றவர்கள் தள்ளிவிட்ட, நிறம் மங்கிய, பலமுறை உருகித் தளர்ந்த பெட்டை மீட்பதே என்றும், வாயு ஆலையின் உண்மையான தொழில், பிரிக்கவே முடியாத கலப்புக் குப்பையைப் பயன்படுத்துவதே என்றும், இரண்டையும் சாதாரண மறுசுழற்சிக்குப் பதிலாக நிறுத்துவது பிசகு என்றும் நான் கருதுகிறேன்.

2023 செப்டம்பரில், பிளாஸ்டிக்கைத் தின்ற ஊதுலை, அதன் கம்பெனி உற்பத்தியைக் குறைக்கத் தீர்மானித்ததால் நிரந்தரமாக அணைக்கப்பட்டது. ஷோவா டென்கோவும் அவ்வாண்டின் தொடக்கத்தில் தன் பெயரை ரெசொனாக் என்று மாற்றிக்கொண்டது; ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு கவாசாகி நகரசபையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் சரித்திரம் குறைபடும். பல ஊர்களின் பிளாஸ்டிக் உறைகள் 2003 முதல் ஓகிமாச்சிக்கு வந்து அம்மோனியாவாகிக்கொண்டிருந்த காலத்தில், கவாசாகிக் குடும்பங்களின் உறைகள் மற்றக் குப்பையோடு கலந்து எரிக்கும் உலைக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தனியே பிரித்துச் சேகரிக்கும் ஏற்பாட்டை நகரசபை 2011-இல் தென்பகுதி வட்டங்களில் தொடங்கி, 2013-இல்தான் நகரம் முழுவதற்கும் விரித்தது.